தொண்ணூறுகளின் தொடக்க ஹிப்ஹாப்: இன்றும் பழசாகாத ஆல்பம் எது?

நண்பர்களே, ஒரு உதவி. 1990 முதல் 1994 வரை வந்த அமெரிக்க ஹிப்ஹாப் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுவருகிறேன். ஏ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’ (1991) நேற்று வந்தது போலவே இருக்கிறது. ‘வெர்சஸ் ஃப்ரம் தி அப்ஸ்ட்ராக்ட்’ பாட்டில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே பேஸ் (கீழ்ச்சுருதி நரம்புக் கருவி) வாசித்திருக்கிறார். ஹெட்போனில் கேட்டால் நெஞ்சுக்குள் இறங்குகிறது. நாஸின் ‘இல்மாட்டிக்’ (1994) சுமார் நாற்பது நிமிடம்தான், ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிடத் தோன்றவில்லை. டாக்டர் ட்ரேயின் ‘தி க்ரானிக்’ (1992) தான் இடிக்கிறது. இசை அபாரம், ஆனால் பெண்களைப் பற்றிய வரிகள் இப்போது கேட்கச் சகிக்கவில்லை. (வூ-டாங் குழுவின் ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், அடுத்தது அவர்களுடைய ஆல்பம்தான்.)

அப்புறம் கேங் ஸ்டார், பீட் ராக் - சி.எல். ஸ்மூத், இந்த இரண்டு ஜோடிகளையும் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்? பாட்டுக்கு நடுவே வரும் ஸ்கிட் (குட்டிப் பேச்சு நாடகம்) குறைவாக இருந்தால் நல்லது.