மறுமொழி: இடிப்பு வேறு, பிரிப்பு வேறு

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களே, வணக்கம்.

கட்டடப் பொருள்களை வீணாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் முறைக்கான (circular economy) கலைச்சொற்கள் பற்றி நீங்கள் எழுதிய மடலுக்கு இது என் மறுமொழி. நீங்கள் தந்த ‘வட்டப் பொருளாதாரம்’, ‘சுழற்சிப் பொருளாதாரம்’ ஆகிய இரண்டில் பின்னதையே வைத்துக்கொள்ளலாம். வட்டம் என்றால் இங்கே தண்டையார்பேட்டை வட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

என் கவலை அடுத்த சொல்லைப் பற்றியது. கட்டடத்தின் காலம் முடிந்தபின் ஒரு பொருளைச் சிதையாமல் எடுக்க முடியுமா என்ற பண்புக்கு நீங்கள் ‘பிரிதிறன்’ என்றீர்கள். நல்ல சொல்தான். ஆனால் அது மேல்நிலை இயற்பியல் பாடத்தில் நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் (resolving power) உரியதாகிவிட்டது. ‘மறுசுழற்சித் தன்மை’ என்பதையோ நான் உறுதியாக மறுக்கிறேன். செங்கல்லைச் செங்கல்லாகவே எடுப்பதையும் நொறுக்கித் தூளாக்குவதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ராஸ் டெரஸ் வீடு (தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துத் தளம் போட்ட பழைய வீடு) ஒன்றை அகற்றும்போது போய்ப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெலிந்தது. கரண்டியின் விளிம்பால் இரண்டு தட்டு தட்டினால் சாந்து உதிர்ந்து, கல் முழுசாகக் கைக்கு வரும். தேக்கு உத்திரங்கள் தனியே விலை போகும். சிமென்ட் கலவையில் கட்டிய சுவரில் கலவை விடாது, கல்தான் உடையும். கான்கிரீட் தளத்தில் கம்பி மட்டும் காயலான் கடைக்குப் போகும். மிச்சம் கொடுங்கையூரில் உள்ள இடிபாடு அரைக்கும் ஆலைக்குப் போகலாம். அப்படி அரைத்த கான்கிரீட் ஜல்லியையும், கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016) படி, எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஜல்லியில் 20 சதவீதம் வரைதான் சேர்க்கலாம்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல்லைப் பலரும் சுழற்சிக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். கழிவிலிருந்து வந்தது என்பதால் பாதி மதிப்பெண் தரலாம். அதையே கெட்டியான சிமென்ட் கலவையில் வைத்துப் பூசிவிட்டால் அதன் பயணம் அந்தச் சுவரோடு முடிகிறது. பொருளைத் தேர்ந்தெடுப்பவர் அது எங்கிருந்து வந்தது என்பதோடு, எதனோடு எப்படி இணைகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். நமக்கு வேண்டிய கலைச்சொல் அந்தக் கேள்வியைத் தாங்க வேண்டும்.

அதற்கான வேர்ச்சொல் நம் மக்களின் வாயிலேயே இருக்கிறது. பந்தலைப் பிரிக்கிறோம், ஓட்டைப் பிரிக்கிறோம், சாரத்தைப் பிரிக்கிறோம். கான்கிரீட் வீட்டை மட்டும் இடிக்கிறோம். பிரித்தது மறுபடி பயன்படும் என்பது அந்த வினையிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: செயலுக்குப் ‘பிரிப்பு’, பண்புக்குப் ‘பிரிப்பியல்பு’, அதை எண்ணியே வரைவதற்குப் ‘பிரிப்புசார் வடிவமைப்பு’. ஒப்பந்தப் படிவத்தில் ‘இடிப்பு வேலை’, ‘பிரிப்பு வேலை’ என இரண்டு தனி இனங்களாக எழுதினால் மேஸ்திரிக்கு விளக்கமே தேவைப்படாது.

‘பிரிப்பியல்பு’ நாவில் சற்று இடறுகிறது என்று அக்கா ஒருவர் தனிமடலில் சொன்னார். ‘பிரிமை’ என்று சுருக்கலாம்; ஆனால் முதன்முறை படிப்பவருக்குப் பொருள் விளங்குமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. இவ்விரண்டில் எது என்பதையும், கான்கிரீட் ஜல்லியாகத் தரம் தாழும் சுழற்சிக்கு என்ன சொல் என்பதையும் நண்பர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
இராயபுரத்திலிருந்து