நாக்குப் புற்றுநோய்: கதிர்வீச்சுக் காலத்தில் சேலத்தில் தங்க இடம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை பார்த்துவந்த என் அப்பாவுக்கு, நாக்கின் இடது ஓரத்தில் இருந்த புற்றுக்கட்டியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் அறுவை செய்து அகற்றியிருக்கிறார்கள். கட்டி 8 மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவியிருந்ததாகவும், நெறிக்கட்டி ஒன்றில் பரவியிருந்தாலும் அதன் உறையைத் தாண்டவில்லை என்றும், வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை என்றும் திசுப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது.

கட்டியின் ஆழமும், அதைவிட முக்கியமாகக் கழுத்துக்குப் பரவியதா என்பதும்தான் உயிர் பிழைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 2015ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளில் கழுத்து நெறிக்கட்டிகளை முதலிலேயே அகற்றிக்கொண்டோரில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதமாகவும், பின்னாளில் கழுத்தில் நோய் வெளிப்பட்ட பிறகே அகற்றிக்கொண்டோரில் 67.5 சதவீதமாகவும் இருந்தது. அப்பாவுக்கு அது முதலிலேயே நடந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டுமாம். கஞ்சியையே கரண்டியால் வலது கன்னத்தோரம் விட்டு விழுங்குபவரை, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தினமும் பேருந்தில் அழைத்துவர இயலாது. ஆகவே ஐந்து ரோடு அல்லது புதிய பேருந்து நிலையம் பக்கம், சமைக்க வசதியுள்ள அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா எனத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கதிர்வீச்சின்போது எடை குறையாமல் காத்த உணவுமுறைகளையும், விழுங்கும் பயிற்சி அளிப்போர் பற்றியும், புகையிலையை அடியோடு விட உங்கள் வீட்டில் கைகொடுத்த வழிகளையும் அனுபவப்பட்டவர்கள் எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.