வேடப்பணிச் சட்டமீறல்: இந்தச் சொல் சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

என்ட்ராப்மென்ட் என்ற சட்டச் சொல்லுக்கு நாலு நாளாக நம் குழுவில் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். நல்ல சொற்கள் வந்திருக்கின்றன, ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம் என்று எனக்குப் படுகிறது. போலீஸ் தூண்டிவிட்டு ஒருவரைக் குற்றம் செய்யவைப்பது ஒன்று, அதுதான் என்ட்ராப்மென்ட். வேஷம் போட்டுப் போன போலீஸ்காரர் தானே சட்டத்தை மீறுவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு நம்மிடம் பெயரே இல்லை.

நான் வேலூரில் வக்கீல் குமாஸ்தா, சத்துவாச்சாரி கோர்ட்டுக்குத் தினமும் போகிறவன். சில வருஷங்களுக்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து, டீக்கடையில் வேலை பார்த்த பையன் சாராய வழக்கில் எங்கள் ஆபீசுக்கு வந்தான். முன்பின் தெரியாத ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து கடைக்கு வந்து, இரண்டு மடங்கு பணம் தருகிறேன், எங்கிருந்தாவது வாங்கி வா என்று கெஞ்சியிருக்கிறார், நாலாம் நாள் இவன் வாங்கிவந்து நீட்டியதும் அவரே இவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வாங்கியாரச் சொன்னவரு மேல கேஸ் இல்லையா?" என்று கேட்டான். வக்கீல் ஆங்கிலத்தில் மனு எழுதினார். அதை அவன் அம்மாவுக்குத் தமிழில் விளக்க உட்கார்ந்தபோது எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

முதலில், இங்கே சொல்லப்பட்ட 'பொறிவைப்பு'. இதை என்ட்ராப்மென்டுக்குத் தரவேண்டாம். லஞ்ச ஒழிப்பு போலீஸார் ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புவதும், வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும்தான் பொறிவைப்பு. அங்கே அதிகாரி லஞ்சத்தை ஏற்கெனவே கேட்டுவிட்டார். லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கிய, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்திலேயே, முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு விசாரணைக்கு உதவுவதற்காகக் கொடுப்பவருக்கு விலக்கும் இருக்கிறது. ஆனால், கொடுக்கப் பணமே இல்லாதவர் கையில் போலீஸ் பணத்தைத் தந்து, லஞ்சம் என்ற ஒன்றையே உண்டாக்குவதற்கு நியாயம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ராவ் சிவ் பகதூர் சிங் வழக்கில் 1954லேயே சொல்லியிருக்கிறது.

அந்த உண்டாக்கும் வேலைக்கு 'கண்ணிவைப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் கௌதாரி பிடிக்கிறவர்கள் வளர்ப்புக் கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய் வைப்பார்கள், அது கூவினால்தான் காட்டுக் கௌதாரி வரும். கண்ணி வெறும் கருவி, காரியம் நடப்பது கூவலில். அதனால் 'தூண்டிப்பிடிப்பு' என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது, தூண்டிலும் அதற்குள் இருக்கிறது.

சரி, இரண்டாவது விஷயம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. விதிகளில் உள்ள அதர்வைஸ் இல்லீகல் ஆக்டிவிட்டி என்பதை, அதாவது அனுமதி இல்லாமல் செய்தால் குற்றமாகும் செயலை, 'மற்றபடி சட்டவிரோதமான செயல்' என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். 'அனுமதிக்கப்பட்ட குற்றம்' என்றும் ஒன்று வந்தது. இரண்டிலும் பெயரிலேயே மன்னிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை நான் ஒப்பமாட்டேன். கனடாவில் ஹஷிஷ் விற்பவர்களாக நடித்த போலீஸாருக்கு அரசின் பெயரால் தனி விலக்கு எதுவும் இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்னது. அதன் பிறகுதான் 2001இல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள்: யார் மீறலாம் என்று முன்கூட்டியே நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு அறிக்கை தரவேண்டும், வேண்டுமென்றே உடற்காயம் ஏற்படுத்துவதற்கும் பாலியல் அத்துமீறலுக்கும் எந்த அனுமதியும் செல்லாது. நம் நாட்டில் 2014இல் ரஜத் பிரசாத் வழக்கு, அது போலீஸ் அல்லாதவர்கள் நடத்திய ஸ்டிங், அதாவது ரகசியமாகப் பதிவு செய்து மாட்டவைப்பது. ஸ்டிங் என்ற பெயர் மட்டுமே பொறுப்பிலிருந்து விடுவித்துவிடாது, என்ன நோக்கத்தில் செய்தார்கள் என்பதை விசாரணையில்தான் பார்க்கவேண்டும் என்றது நம் உச்ச நீதிமன்றம். ஆக, மீறல் நடந்ததா என்பது ஒரு கேள்வி, மன்னிக்கலாமா என்பது வேறு. நம் சொல் முதல் கேள்வியோடு நிற்கவேண்டும்.

மக்கள் வாயில் இருப்பது 'மஃப்டி'. ஆனால் மஃப்டி என்றால் யூனிபாரம் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு ஆளாக நடிப்பதற்கு 'வேடம்' பொருந்தும், வட ஆற்காட்டில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேஷம் கட்டுவது என்றால் விளக்கவே வேண்டாம். முதலில் 'வேடமீறல்' என்று வைத்தேன். எங்கள் ஆபீஸ் ஜூனியர் வக்கீலம்மா படித்துவிட்டு, "சட்டமீறல்னா சட்டத்தை மீறுறது, அப்ப இது வேடத்தை மீறுறதா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அன்டர்கவர் வேலைக்கு 'வேடப்பணி', அதில் நடக்கும் மீறலுக்கு 'வேடப்பணிச் சட்டமீறல்'. நீளம்தான், ஆனால் கோர்ட்டில் இதைவிட நீளமானவை புழங்குகின்றன.

இந்த மீறலுக்குப் பதில் சொல்லவேண்டிய கடமைக்கு, அதாவது அக்கவுன்டபிலிட்டிக்கு, வெறும் 'பொறுப்பு' போதாது. நம் ஆபீஸ்களில் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்றால் தற்காலிகமாக அந்த நாற்காலியில் இருப்பவர் என்று அர்த்தமாகிறது. ஈழத்து நண்பர்கள் எழுதும் 'பொறுப்புக்கூறல்' தெளிவாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவுப்படி, அலுவல் கடமையைச் செய்யும்போது நடந்த குற்றம் என்றால், அரசு நீக்கினால் ஒழிய நீக்க முடியாத பதவியில் இருப்பவர்மேல் வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். பல மாநிலங்களில் காவலர்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டியிருக்கிறார்கள். அப்படியானால் 'பணி' என்று நாமே பெயர் வைப்பது, நடந்ததெல்லாம் கடமைதான் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டதாகிவிடுமா? 'வேடப் புலனாய்வு' என்றால் அந்தச் சிக்கல் குறையுமா? கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்கள் யாராவது இதற்கு அவசியம் பதில் எழுதுங்கள்.