மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு அப்புறம் யோகா: கை எட்டாதவள் என்ன செய்வது?

அந்திமல்லி:
வலது பக்கம் ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். அக்குளில் 14 நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் முடிஞ்சு இப்போ லெட்ரசோல்ங்கிற, ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை. வலியைக்கூடப் பொறுத்துக்கலாம், இந்த அசதிதான் தாங்கலை. பல் தேய்ச்சிட்டு வந்து கட்டில்ல உட்கார்ந்தா அரை மணி நேரம் போயிடுது. ராத்திரி ரெண்டரைக்கு முழிப்பு வந்தா அவ்வளவுதான். அக்கா யோகாவுக்குப் போகச் சொல்றா. மேல் அலமாரி டப்பாவை எடுக்கவே கை எட்டலை, சூரிய நமஸ்காரம் எங்கே செய்ய? நிஜமாவே ஏதாவது மாறுமா?

ஓடக்கரை:
அந்த ரெண்டரை மணி எனக்கும் பழக்கம்தான் மா. எனக்கு நாலு வருஷம் ஆச்சு. முதல்ல டாக்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் கேட்டுக்கோங்க. நான் கேட்காம, மூணாவது வகுப்பிலேயே எல்லாரோடும் சேர்ந்து அதோ முக சுவானாசனம் (கையைத் தரையில ஊன்றி இடுப்பைத் தூக்கி நிக்கிறது) போட்டேன். ராத்திரி மோதிரம் கழலலை, சோப்புத் தண்ணி போட்டு உருவினேன். காலைல கை கனத்துக் கிடந்தது. நிணநீர் வீக்கம், அதாவது முடிச்சு எடுத்த பக்கத்துக் கையில நீர் தேங்கறது. பிசியோ கம்ப்ரஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கிற உறை) மாட்டிவிட்டு, "கையில பாரமே கூடாதுன்னு இல்ல, படிப்படியா ஏத்தணும்"னார். அப்புறம் சுவர்தான் எனக்கு ஆசனம். விரல்களை எறும்பு மாதிரி ஏத்தி, எட்டின இடத்துல பென்சில் கோடு. ஆறு வாரத்துல கோடு ஒரு சாண் ஏறிச்சு. அசதி அவ்வளவு சீக்கிரம் போகலை. ரெண்டாவது மாசம் ஒருநாள், பகல்ல படுக்கவே இல்லைங்கிறதை சாயங்காலம்தான் கவனிச்சேன்.

கணக்கன்:
மனைவிக்காகத் தேடிப் படிச்சது. 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுறது), 24 ஆய்வுகள், 2,166 பேர். எந்தச் சிகிச்சையும் கூடுதலாகப் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களுக்கு வாழ்க்கைத்தரம் கூடியது, அசதியும் தூக்கக் கோளாறும் குறைந்தன. வேறு உடற்பயிற்சியைவிட யோகா மேல் என்று அதில் நிரூபணமாகவில்லை. அதனால் யோகா பிடிக்கலைன்னா நடங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. (கட்டி கரையும்னு சொல்ற வகுப்பா இருந்தா அப்பவே எழுந்து வந்துடுங்க. நாங்க ஒண்ணுலேர்ந்து அப்படித்தான் வந்தோம்.)

நீலக்குருவி:
நான் பிசியோதெரபிஸ்ட். கை எட்டலைன்னீங்களே, தூக்கும்போது அக்குள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கயிறு மாதிரி இழுக்குதா? அப்படின்னா அது கார்டிங்கா இருக்கலாம், அதாவது அக்குள் ஆபரேஷனுக்கு அப்புறம் தோலுக்கு அடியில வடம் மாதிரி இறுகறது. நேர்ல காட்டுங்க, சரிபண்ணக்கூடியதுதான். லெட்ரசோல் எலும்பு அடர்த்தியைக் குறைக்கும். டெக்ஸா ஸ்கேன் பார்த்து, எலும்பு மெலிஞ்சிருந்தா முதுகை வளைச்சு ஆழமாக் குனியறது, வெடுக்குன்னு திருகறது ரெண்டும் வேண்டாம். கீமோவால பாதம் மரத்திருந்தா, ஒத்தைக் கால்ல நிக்கிற விருட்சாசனம் சுவரோரமாத்தான். கை சிவந்து சூடா வீங்கினா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

அந்திமல்லி:
கண்ணாடி முன்னாடி நின்னு தூக்கிப் பார்த்தேன். கயிறேதான், தோலுக்கு அடியில தெரியுது. இத்தனை நாள் தழும்பு இழுக்குதுன்னு நினைச்சுட்டிருந்தேன்! வியாழக்கிழமை பிசியோகிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஓடக்கரை அக்கா, முதல் கோடு போட்டாச்சு. என் மூக்கு உயரத்துல.