ஹபிள் படங்களை இணைத்தபின் விண்மீன்களின் நடுவில் கரும்புள்ளிகள்

கேள்வி – கொக்குவில் மாணவன்

வணக்கம். ஹபிள் தொலைகாட்டியின் டபிள்யூஎஃப்சி3 கமெரா எடுத்த ஒரு கோளக் கொத்தின் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டத்தின்) நான்கு படங்களை, விண்வெளித் தொலைகாட்டிப் படங்களைச் சேமித்து வைக்கும் மாஸ்ட் காப்பகத்திலிருந்து இறக்கி, அஸ்ட்ரோடிரிசில் மென்பொருளில் இணைத்தேன். ஒவ்வொரு கோப்பும் ஏறத்தாழ 160 மெகாபைட் என்பதால், இரவு நேர டேட்டாவை நம்பி இரண்டு இரவுகள் விழித்திருக்க வேண்டியிருந்தது. விண்வெளித் துகள்கள் கமெராவில் பட்டு உண்டாக்கும் அண்டக்கதிர்க் கீறல்கள் யாவும் மறைந்துவிட்டன. ஆனால் பல விண்மீன்களின் நடுவில் ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிகின்றன. மூலப் படங்களில் அவை இல்லை. இரண்டு படங்கள் ஒரு நாளிலும் மற்ற இரண்டு சில மாதங்கள் கழித்தும் எடுக்கப்பட்டவை. தவறு எங்கே?

பதில் – திருநெல்வேலி வாசகர்

தம்பி, கோரையைப் பிடுங்கப்போன மென்பொருள் வெங்காயத்தையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறது. அது எல்லாப் படங்களிலிருந்தும், பிக்சலுக்குப் பிக்சல் நடு மதிப்பை எடுத்து ஓர் இடையப் படத்தை ஆக்கி, அதனை மீண்டும் ஒவ்வொரு மூலப் படத்தின் வடிவத்துக்கும் உருமாற்றி ஒப்பிட்டு, அளவுக்கு மிஞ்சிப் பிரகாசிக்கும் பிக்சல்களை அண்டக்கதிர் என்று குறித்து ஒதுக்குகிறது. வெவ்வேறு நாட்களில் தொலைகாட்டி குறிவைக்க உதவும் வெவ்வேறு வழிகாட்டி விண்மீன்களைப் பிடித்து எடுத்த படங்கள் ஒரு பிக்சலில் பாதியளவு விலகியிருந்தாலும், இடையப் படத்தில் விண்மீனின் உச்சி மழுங்கிவிடும். அப்போது உண்மையான உச்சியே மிகையாகத் தோன்றும். ஒதுக்கிய பிக்சல்களைக் காட்டும் அண்டக்கதிர் முகமூடிக் கோப்பைத் திறந்து பாருங்கள். உண்மையான கதிர்கள் படத்துக்குப் படம் வேறு இடங்களில் கோணலான கீறல்களாக இருக்கும். விண்மீன்கள் இருக்கும் இடங்களிலேயே வட்டப் புள்ளிகள் வரிசையாக நின்றால், படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் சீரமைப்புத்தான் பிழை. ட்வீக்ரெக் கருவியால் முதலில் சீரமைக்கவும். கதிர்களைக் கண்டறியும் வரம்பைத் தளர்த்துவது அதன் பிறகு செய்யவேண்டியது. முதலிலேயே தளர்த்தினால் அறிகுறி மறையும், பிழை இருக்கும்.

பதில் – பருத்தித்துறை வானவியலாளன்

மேலே சொன்னது சரியே. எனினும் மிகப் பிரகாசமான விண்மீன்களில் மட்டும் புள்ளி எஞ்சினால், காரணம் வேறு. ஒளி மிகுந்து அளவு நிரம்பிய, அதாவது நிறைவுற்ற பிக்சல்களை, ஒவ்வொரு பிக்சலின் தரத்தையும் சொல்லும் தரக்குறிப்பு அட்டவணை 256 என்ற எண்ணால் குறிக்கும். இணைக்கும்போது அவற்றைக் கெட்டவை என்று விலக்கினால் நான்கு படங்களிலும் அந்த இடம் வெறுமையாகிவிடும். 256ஐ ஏற்கத்தக்க குறிப்பாகக் கொடுத்தால் ஓட்டை அடைபடும். ஆனால் அந்த விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க அதனைப் பயன்படுத்தாதீர்கள்.

பதில் – கொக்குவில் மாணவன்

நன்றி. முகமூடியில் வட்டப் புள்ளிகளே இருந்தன. இரண்டாம் நாள் படங்கள் 0.6 பிக்சல் விலகியிருந்தன. சீரமைத்தபின் மூன்று விண்மீன்களில் மட்டுமே புள்ளி எஞ்சியுள்ளது, மூன்றும் 256.