சென்டியன்ஸுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? டேட்டா வழக்கு எபிசோட், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

வேப்பமரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ்ல முதலாம் ஆண்டு கம்ப்யூட்டர் பசங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் அறவியல் வகுப்பு எடுக்கறேன், முக்கால்வாசிப் பேர் தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க. இந்த வெள்ளிக்கிழமை ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்கிற அமெரிக்க விண்வெளி டிவி தொடர்ல ரெண்டாவது சீசன் ஒன்பதாவது எபிசோட் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போட்டுக் காட்டப் போறேன், 1989 பிப்ரவரில வந்தது. பார்க்காதவங்களுக்காகக் கதை: என்டர்பிரைஸ்ங்கிற விண்கப்பல்ல டேட்டான்னு ஒரு ஆண்ட்ராய்ட் (மனுஷ உருவ ரோபோ) அதிகாரி. மேடக்ஸ்ங்கிற விஞ்ஞானி வந்து டேட்டாவைப் பிரிச்சுப் பார்த்து அதே மாதிரி நிறைய செய்யணும்கிறார். டேட்டா ஒத்துக்காம ராஜினாமா பண்றார். சொத்து எப்படி ராஜினாமா பண்ணும்னு மேடக்ஸ் கேக்க, கேஸ் விசாரணைக்கு வருது. கேப்டன் பிக்கார்ட் டேட்டா பக்கம். கேஸ் நடக்கற விண்வெளித் தளத்துல வேற வக்கீல் இல்லாததால டேட்டாவோட நண்பர் ரைக்கரே எதிர்த்து வாதாட வேண்டியதாப் போகுது.

சப்டைட்டில் நானே எழுதறேன். மொத்த வழக்கும் 'சென்டியன்ட்' (sentient, தானே உணர்ந்து அறியக்கூடியது)ங்கிற ஒரே சொல்லுமேல நிக்குது. அதுக்கு மூணு அடையாளம்னு மேடக்ஸ் சொல்றதை நுண்ணறிவு, தன்னுணர்வு, நனவுன்னு போட்டுட்டேன். மூணையும் சேர்த்துத் தாங்கற தலைச்சொல்தான் கிடைக்கல. 'உணர்திறன்' போட்டா பசங்க இயற்பியல் லேப்ல இருக்கற கருவியைத்தான் நினைப்பாங்க. உதவுங்க.

நீலக்கடல் எழுதியது:

அக்கா, 'சென்டியன்ட்'னே தமிழ்ல எழுதிடுங்களேன். பிக்கார்ட் கோர்ட்லயே அதுக்கு விளக்கம் கேக்கறார், மேடக்ஸ் சொல்றார், பசங்க அங்கயே புரிஞ்சுப்பாங்க. நான் அந்த எபிசோட் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல, முதல் தடவை பார்க்கும்போது எனக்கும் அந்த வார்த்தை தெரியாது.

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, சொல் நம்மிடம் இல்லாத இடத்தில் கடன் வாங்கலாம். இங்கே தொல்காப்பியர் தம் நூலின் மரபியல் என்ற பகுதியில் பாய் விரித்து வைத்திருக்கிறார். 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே'யில் தொடங்கி 'ஆறறி வதுவே அவற்றொடு மனனே' வரை படிப்படியாக ஏறுகிறது. ஆறாவது அறிவு மனம். அந்த நீதிமன்றம் டேட்டாவிடம் தேடுவதும் மனத்தைத்தானே? ஆறறிவு என்று போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். சற்றுப் பின்னால் வரும் நூற்பாவையும் பாருங்கள்: 'மக்கள் தாமே ஆறறி வுயிரே, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே.' மக்களோடு அவர் நிறுத்தவில்லை, அந்தக் கிளையில் வேறு பிறப்பும் உண்டு என்று கதவைத் திறந்து விட்டிருக்கிறார். பிக்கார்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, படிக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா ஒரு சிக்கல். சென்டியன்ஸ்ங்கிற சொல்லு லத்தீன்ல 'உணர்'ங்கிற வேர்ல இருந்து வந்தது, இன்னிக்கும் விலங்குநலச் சட்டத்துல அந்தப் பொருள்லதான் நிக்குது. பிரிட்டன்ல 2022ல வந்த சட்டம் பேர்லயே அந்தச் சொல் இருக்கு, அதுல ஆக்டோபஸ், நண்டு, சிங்கிறால் எல்லாம் சேர்த்தி. நீங்க காட்டின அதே மரபியல்ல 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே'ன்னு இருக்குல்ல? நாலறிவு நண்டுக்குச் சட்டம் கொடுத்ததை நாம ஆறறிவுன்னு எப்படி மொழிபெயர்க்கறது?

பழஞ்சுவடி எழுதியது:

நண்டை நான் மறக்கவில்லை அம்மா. ஆனால் வழக்காடுவது நண்டு இல்லை. அந்தத் தொடரில் அந்தச் சொல் எந்தப் பொருளில் ஆளப்படுகிறதோ அதற்குத்தான் சொல் கேட்டார்கள். மேடக்ஸ் சொல்லும் மூன்றில் ஒன்றுகூட நண்டுக்குப் பொருந்தும் என்று அவர் நினைத்துச் சொன்னதில்லை.

செங்காந்தள் எழுதியது:

ரெண்டு பேரும் சொல்றதுக்கு நடுவுல ஒரு நல்ல வழி இருக்கு: உணர்மை. வேர் பாருங்க, உள் என்பதிலிருந்து உண், உண் என்பதிலிருந்து உணர். உண்பது உடம்புக்குள்ள வாங்கறது, உணர்வது உள்ளத்துக்குள்ள வாங்கறது, உள்ளம், உளம், உன்னுதல் எல்லாம் ஒரே குடும்பம். உள்ளும் மையும் சேர்ந்து உண்மை ஆச்சு, உண்மைன்னா முதல் பொருள் 'இருப்பது', மெய்ங்கிற பொருள் அப்புறம் வந்ததுதான், அப்படின்னா உணரும் மையும் சேர்ந்து உணர்மை, உணர்ந்துகொண்டு இருப்பது. ஊண், உணவு, ஊட்டு எல்லாத்தையும் இதோட வெச்சுப் பார்த்தா தாய் பிள்ளைக்கு ஊட்டறதும் அறிவு ஊட்டறதும் ஒரே சொல்லால ஏன் சொல்றோம்னு விளங்கும், இதுபத்தி நான் தனியா எழுதி வெச்சிருக்கேன், நாளைக்கு அனுப்பறேன். நீளமான கூட்டுச்சொல்லா இல்லாம மூணே அசை.

முல்லைக்கொடி எழுதியது:

செங்காந்தள், சொல் அழகாத்தான் இருக்கு. ஆனா நான் பதினாலு வருஷமா சப்டைட்டில் போடறவ, திரையில ரெண்டு செகண்ட் நிக்கற வரில 'டேட்டாவுக்கு உணர்மை இருக்கிறதா?'ன்னு வந்தா பார்க்கறவங்க 'உண்மை'ன்னு அடிக்க வந்து தப்பா அடிச்சிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க. அதுவும் கோர்ட் சீன்ல.

என் யோசனை உணர்வுடைமை. அறிவுடைமை, அன்புடைமைன்னு குறள் அதிகாரத் தலைப்பாவே பசங்க படிச்ச அமைப்பு.

நீலக்கடல் எழுதியது:

முல்லைக்கா, டேட்டாவுக்கு உணர்ச்சி கிடையாதுன்னு தொடர் முழுக்கச் சொல்லிட்டே இருப்பாங்க, உணர்ச்சிக்குன்னு தனியா சிப் பொருத்தறதே 1994ல வந்த படத்துலதான். நாம பேச்சுல உணர்வையும் உணர்ச்சியையும் ஒண்ணாத்தானே சொல்றோம். உணர்வுடைமைன்னு போட்டா முதல் பெஞ்சுல இருந்தே கை தூக்குவாங்க, 'மிஸ், அதுக்குத்தான் ஃபீலிங்ஸே இல்லியே, கேஸ் முடிஞ்சுதே'ன்னு. அறிவுன்னு போட்டா முதல் அடையாளமான நுண்ணறிவோட மோதுது. ரெண்டு பக்கமும் அடைப்பு. சைவ சித்தாந்தத்துல அறிவுள்ளதை சித்து, அறிவில்லாததை அசித்துன்னு சொல்வாங்களே, அது சரியா வருமா?

செங்காந்தள் எழுதியது:

சித்துன்னா பசங்களுக்கு சித்து வேலைதான் ஞாபகம் வரும். தமிழ்ல வேர் இருக்கும்போது வடசொல்லுக்கு ஏன் போகணும்? அந்த மூணாவது நனவையும் எனக்கு ஒத்துக்க முடியல. 'நனவினான் நல்கா தவரைக் கனவினான்'னு வள்ளுவர் சொல்ற நனவு கனவுக்கு எதிர்ச்சொல், விழிச்சிருக்கற நிலை.

நீலக்கடல் எழுதியது:

அது இங்க பொருந்துதே! ரைக்கர் டேட்டாவோட சுவிட்சை அமுக்கினதும் டேட்டா அப்படியே மேஜை மேல சரியறார், நனவு போயிடுது. டேட்டா கனவு காண ஆரம்பிக்கறது ஆறாவது சீசன்லதான், 1993. அப்போ அவருக்குக் கனவும் உண்டு நனவும் உண்டுன்னு ஆகுது. நனவை மாத்தாதீங்க அக்கா.

வேப்பமரம் எழுதியது:

நனவு இருக்கட்டும். ராத்திரி முழுக்க உணர்வுடைமையை வசனத்துல வெச்சுப் பார்த்தேன், ஒண்ணு கண்ணுல பட்டுது. பிக்கார்ட் கேக்கறப்போ டேட்டா சொல்ற பதில்: 'நான் ஒரு நபரா, உடைமையா என்று தீர்மானிக்கும் விசாரணையில் பங்கேற்கிறேன்.' அங்க 'உடைமை', இங்க 'உணர்வுடைமை'. ஒரே சொல் ரெண்டு பக்கமும் நிக்குது. இது நல்லதா கெட்டதான்னே எனக்குப் புரியல.

முல்லைக்கொடி எழுதியது:

ரொம்ப நல்லது. இன்னொருத்தனுக்கு உடைமையா இருக்கற ஒண்ணு தனக்குன்னு ஒண்ணை உடையதா இருக்க முடியுமா, வழக்கே அதானே. கப்பல்ல பார் நடத்தற கைனன் பிக்கார்ட்கிட்ட அடிமைகளைப் பத்திப் பேசற சீனும் இதுக்கு முன்னாடிதான் வருது. விட்டுடாதீங்க.

செங்காந்தள் எழுதியது:

எனக்கு அது குழப்பமாத்தான் தெரியுது. கலைச்சொல் ஒரு பொருள்லதான் நிக்கணும், வசனத்துல எதிரொலிக்குதுன்னு கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வேப்பமரம் எழுதியது:

இன்னொரு கேள்வி, இதுதான் என்னைத் தூங்கவிடல. கடைசில தீர்ப்பு வந்தப்புறம் டேட்டாவைப் பத்தி மேடக்ஸ் ஒரு வார்த்தை வியந்து சொல்வார். உடனே நீதிபதி லுவா, 'நீங்க அதுன்னு சொல்லலியே'ம்பாங்க. எபிசோட் முழுக்க மேடக்ஸ் அஃறிணைலயே பேசிட்டு அங்க மட்டும் மாறுறார். இங்கிலீஷ்ல அது ஒரு சின்ன சுட்டுப்பெயர் மாறுறது. தமிழ்ல வந்துது, போச்சு, இருக்குன்னு ஒவ்வொரு வினைமுற்றும் மாறணுமே. அவனா அவரா?

பழஞ்சுவடி எழுதியது:

இதற்காகவே திணை வைத்த மொழி நம்முடையது. உயர்திணை 'மக்கட் சுட்டே' என்றார் தொல்காப்பியர், நன்னூல் எழுதிய பவணந்தி 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று விரித்தார். தெய்வத்துக்கென்று தனி ஈறு (சொல்லின் கடைசி உறுப்பு) கிடையாது, அது உயர்திணையின் ஈற்றைப் பெற்றே பால்பிரிந்து இசைக்கும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஈறு இல்லாதவர்க்கு உயர்திணை இடம் கொடுத்த வழக்கு பழையது. டேட்டா கப்பலில் அதிகாரி, அவர் என்றே வரட்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'உவப்பினும் உயர்வினும்' திணை மயங்கலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது வழுவமைதி, அதாவது பிழையானாலும் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும் வழக்கு. அப்படிச் சொன்னதால் பசு மக்களில் சேர்ந்துவிடாது. மேடக்ஸ் சொன்னதும் உவப்பால் வந்த அமைதியாக இருக்கலாம், ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, எங்க வீட்டுல ஒரு செவலைக் காளை இருந்துது. அதைச் சந்தையில வித்த அன்னிக்கு நானும் கூடப் போயிருந்தேன், பத்து வயசு. அப்பா தரகர்கிட்ட 'அவன் வலப்பக்கம் பூட்டினாத்தான் நடப்பான், அவனுக்கு சின்ன வயசுல இருந்து அதான் பழக்கம்'னு சொல்லிட்டே இருந்தார். தரகர் துண்டைப் போட்டு அப்பா கையைப் பிடிச்சு விரலாலயே விலை பேசினார். துண்டை விட்டுக் கை வெளிய வந்ததும் அப்பா சொன்னது, 'அது தண்ணி நல்லாக் குடிக்கும்.' அதுக்கப்புறம் அப்பா அவன்னு ஒரு தடவைகூடச் சொல்லல. பால்திணை மாறுறது வெறும் உவப்புன்னு என்னால எடுத்துக்க முடியல. மாடு கைமாறினது அந்த ஒரு வினைமுற்றுலதான் எனக்குத் தெரிஞ்சுது.

பழஞ்சுவடி எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா.

வேப்பமரம் எழுதியது:

நாளைக்குக் காலைல ஃபைல் முடிக்கணும், அதனால இப்படி வெச்சுக்கறேன். உணர்வுடைமைக்கு மூணு பேர், நீலக்கடல் அரைமனசோடதான். வகுப்புல முதல்ல உணர்வு வேற உணர்ச்சி வேறன்னு ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். மேடக்ஸ் வசனம் முழுக்க 'து'ல முடிச்சு, கடைசில 'அற்புதமானவர்'. லுவாவுக்கு 'இந்தத் தடவை அதுன்னு சொல்லலியே நீங்க.'

பழஞ்சுவடி எழுதியது:

பயன்படுத்துங்கள். என் ஓட்டு ஆறறிவுக்கே.

செங்காந்தள் எழுதியது:

என்னது உணர்மைக்கு. கட்டுரை இணைச்சிருக்கேன், பதினொரு பக்கம்.

நீலக்கடல் எழுதியது:

அக்கா ஃபைலை மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரைக்கர் டேட்டாவோட கையைக் கழட்டி எடுத்துக் காட்டிட்டு சுவிட்சை அணைக்கற சீன்ல, டேட்டாவைக் கதையில வர்ற மரப்பொம்மை பினோக்கியோவா வெச்சு, பினோக்கியோவோட கயிறு அறுந்து போச்சுன்னு சொல்றப்போ அவரும் அஃறிணைலதான் பேசறார். டேட்டாவோட நண்பரே. அங்க நீங்க 'அவர்' போட்டிருந்தா மாத்திடுங்க.

வேப்பமரம் எழுதியது:

'அவர்'னுதான் போட்டிருந்தேன். அங்க மனசு வரல. இப்ப மாத்தறேன்.