1948-ஐப் பார்த்தவர்களிடம் பேசும்போது: பதிவு செய்வோர் அனுபவங்கள்

நக்பாவை, அதாவது 1948-ல் பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டதை, நேரில் கண்ட பாலஸ்தீனர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்யப் போய், எடுத்த எடுப்பிலேயே "எந்தத் தேதியில் ஊரைவிட்டுக் கிளம்பினீர்கள்?" என்று கேட்டால் பேச்சு படுத்துவிடும். அவர்கள் கணக்கு வைத்திருப்பது பருவத்தை. லித்தா நகரக்காரர் "நோன்பு மாசம், கொளுத்துற வெயில்" என்றால் அது 1948 ஜூலை. அவ்வாண்டு ரமலான் ஜூலை 8 வாக்கில் பிறந்தது. லித்தா, ராம்லா மக்களை இஸ்ரேலியப் படை விரட்டியது 12, 13 தேதிகளில். வடக்கே மேல் கலிலேயாப் பகுதிக்காரர் ஆலிவ் பறிப்பு என்றால் பெரும்பாலும் அக்டோபர் கடைசி. கணக்கை நாம் பிறகு போட்டுக்கொள்ளலாம். அவரைத் திருத்த வேண்டாம்.

முதலில் ஊரைப் பற்றிக் கேளுங்கள். கிணறு எங்கே, களம் எங்கே, எத்தனை துனும் நிலம் (ஒரு துனும் 1000 சதுர மீட்டர்), கோதுமையா ஆரஞ்சா, பக்கத்து வீடு யாருடையது. தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். ஒரே ஊர்க்காரர் இருவர் தனித்தனியே வரைந்ததை பிரிட்டிஷ் காலத்து 1:20,000 அளவு வரைபடத்தோடு ஒப்பிட்டால், இடித்துத் தரைமட்டமாக்கிய ஊரும் தெருத்தெருவாக எழுந்து வரும். கேமராவோடு போகிறவர்கள் பலர், விட்டுவந்த வீட்டின் நினைவாக வைத்திருக்கும் சாவியைக் காட்டச் சொல்லிப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாவி போதுமா என்ன?

*

மேலே நண்பர் சொன்னது சரி. பதிவு செய்யும் என் பங்குக்குக் கூடவே ஒன்று: மகனோ மருமகனோ பக்கத்தில் இருந்தால் பாட்டிகள் வாய் திறப்பதில்லை, அந்த ஆண்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். எதைச் சுமந்தார்கள், எந்தக் குழந்தை யார் இடுப்பில், வழியில் என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வரும்.

சம்மதம் இரண்டு முறை வாங்குங்கள், பேசுவதற்கு முன்னும் பின்னும். என்ன சொன்னோம் என்பது பேசி முடித்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். ஜெருசலேமில் குடியுரிமை இல்லாமல் இஸ்ரேல் தரும் வசிப்புரிமை அட்டையோடு மட்டும் இருப்பவர்களுக்குப் பெயர் வெளிவருவதே ஆபத்தாகலாம்.

*

காசாவிலிருந்து இப்போது வருபவை போன் பதிவுகள். அங்குள்ளவர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பேர் 1948 அகதிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் என்பதால், ஒரே பேச்சில் 1948 இடப்பெயர்வும் இப்போதைய இடப்பெயர்வும் கலந்து வரும். வெட்டிப் பிரிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரமும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும் ஷா-256 ஹாஷ் (கோப்பில் எதை மாற்றினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்து, மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் நகலில்தான். நீதிமன்றம்வரை போனால் முதல் கேள்வியே கோப்பில் யார் கை வைத்தார்கள் என்பதாக இருக்கும்.

முன்மாதிரி வேண்டுவோர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன வாய்மொழி வரலாற்று ஆவணகத்தைக் கேளுங்கள். 2019 முதல் இணையத்தில் இருக்கிறது.